முந்திப் போன சக்கரம்

லாரிக்காரன் பெட்டியைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டான்.
முழங்காலளவு பனி, வண்டி உள்ளே வராதாம்.
ஓட்டோவின் சறுக்குப் பலகையில் ஏற்றி
நானும் வெர்னும் இழுத்தோம்.
இருநூறு பவுண்டுக்கு மேல் இரும்பு.
சன்னலைத் திறந்து மகன் கத்தினான்:
"அம்மா, பலகை ஒடிந்தால் யார் வாங்கித் தருவது?"
நியாயமான கேள்வி.
இந்த வீட்டில் ஒடிந்ததற்கெல்லாம்
ரசீது என்னிடம்தான் இருக்கிறது.

போன செப்டம்பர். கால் மைல் ஓடுபாதை.
பச்சை விளக்கு எரிந்ததும் கிளட்சிலிருந்து காலை எடுத்தேன்.
ஒரு சத்தம்.
வசந்தத்தில் சுப்பீரியர் ஏரியின் பனித்தரை
எங்கோ தூரத்தில் விரிசல் விடுமே, அந்த மாதிரி.
மஸ்டாங் இடப்பக்கம் சரிந்து உட்கார்ந்தது.
என் கதவை ஒட்டி
என் பின்சக்கரம் தனியாக வந்தது,
என்னை முந்தியது,
ஏதோ அவசர வேலை இருப்பதுபோலப் போனது.
ஒடிந்த தண்டு இன்னும் அதன் நடுவில்
நீட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் சிரித்தது. வெர்னும் சிரித்தான்.
அடுத்த ஆறு மாதம் விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம்
கையை உருட்டி உருட்டி நடித்துக் காட்டினான்.

அவன் பார்க்காதது:
சக்கரம் வேலியைத் தாண்டிப்
பொரி விற்கும் மேசைக்கு நாலடி முன்னால்
சுழன்று சுழன்று படுத்தது.
மேசைக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி.
மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றேன்.
"வெண்ணெய் போட்டா, வெறுமனேயா?" என்றாள்.
கரண்டி நடுங்கிக்கொண்டிருந்தது.
வெண்ணெய் போட்டு என்றேன்.
வேறென்ன சொல்வது?

மார்ச் மாதக் கொட்டகையில் இப்போது
பழைய அச்சு மல்லாந்து கிடக்கிறது.
மூடியைக் கழற்றியதும் வழிந்த எண்ணெயில்
அழுகிய முட்டை வாசம்.
வெர்ன் விரலால் துழாவி எடுத்துக் காட்டினான்:
வாய் பிளந்த சின்ன வளையம்,
சுண்டுவிரல் மோதிரம் அளவு.
தண்டு நழுவாமல் காத்தது இதுதான்.
தண்டு ஒடிந்தால் இது பிடித்திருப்பது
உள்ளே நின்ற துண்டை மட்டும்.
வெளித்துண்டுக்கு விடுதலை.

புதியதில் அப்படியில்லை.
சக்கரத்தோரமே தாங்கி, அதன்மேல் தகடு,
தகட்டுக்கு நான்கு போல்ட்.
தண்டின் முனையில் இருபத்தெட்டுப் பல் இருந்த இடத்தில்
முப்பத்தைந்து.
பற்சக்கரத்தில் மஞ்சள் பசை தடவிச் சுற்றிப் பார்த்தோம்;
பல் பல்லை எங்கே தொடுகிறது என்று
மஞ்சள் விலகிச் சொன்னது.
மூக்கை இரண்டு பாகை கீழே சாய்த்தோம்.
ஒரு போல்ட் ஏறவே இல்லை.
வெர்ன் அதைத் திட்டிய வார்த்தைகள்
சன்னல்வழி ஓட்டோவிடம் போய்ச் சேர்ந்தன;
மறுநாள் பள்ளியிலிருந்து
எனக்குத் தொலைபேசி வந்தது.

"இது கனம் அதிகம், லோர்னா.
சுற்றவே நிறைய சக்தி தின்னும்.
நேரத்தில் பத்தில் ஒரு நொடி போய்விடும்" என்றான்.
போகட்டும்.
"அச்சு கெட்டியானால் அடுத்தது கியர்பாக்ஸ் போகும்."
போகட்டும்.
அது என் காலடியிலேயே உடையும்,
யாரையும் தேடிக்கொண்டு போகாது.

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.
எவ்வளவு தூரத்தில் நின்றது என்று
முதல்முறையாகக் கேட்டான்.
கொட்டகைத் தரையில் நாலடி அளந்து காட்டினேன்.
அந்த இடத்தில்தான் அவன் நின்றிருந்தான்.

சாலை உப்பை மழை கழுவ மே ஆகிவிட்டது.
புதுப் பல் பழகும்வரை விரட்டக் கூடாது:
இருபது நிமிடம் மெதுவாக, பிறகு ஆறவிட வேண்டும்.
மரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்தேன்.
எல்லோரும் முந்தினார்கள்.
தபால் வண்டி முந்தியது.
ஒரு கிழவர் டிராக்டரில் முந்தி
எனக்குக் கையசைத்தார்.
நான் இடப்பக்கக் கண்ணாடியையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரும் வரவில்லை.